பின்பக்கப் படம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடைசி வரிசைக் கல்லும் ஏறிவிட்டது! போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில், மலையடிவாரத்தில், எங்கள் வீடு. சூளையில் வேகாத கல். நாங்களே அச்சில் அழுத்திக் காயவைத்த மண்கல். இரண்டு வருடமாக ராம்பிரசாத் அண்ணனின் 'ஈரமண்' சேனலில் ஒரு வீடியோவையும் பார்க்காமல் விட்டதில்லை நான். "உங்க எடத்து மண்ணுதான் உங்க வீடு" என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் முடிப்பார்.

அப்படியே செய்தேன். வீட்டுக்குப் பின்னால் சரிவு. ஒரே நாள் ஜேசிபி, பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு லோடு மண் வரவில்லை. அம்மாவுக்குத் துணி துவைக்க இடமும் கிடைத்தது. யோசனை எல்லாம் என்னுடையது. அப்பாவுக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பைத் தவிர எதுவும் தெரியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பால் காய்ச்சினோம். வெளியே 36, உள்ளே 29, ஃபேன் இல்லாமலே! முத்துக்கிருஷ்ணன் மாமா சுவரைத் தட்டிப் பார்த்து, "கரையான் புத்துக்குக் கதவு வச்ச மாதிரி இருக்கு மாப்ளே" என்று அப்பாவிடம் சொன்னார். சாப்பிட்டதும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் தூங்கினார்.

செப்டம்பர் 10

அண்ணன் எங்கள் வீட்டுப் படத்தைச் சேனலில் போட்டுவிட்டார். நாற்பதாயிரம் லைக்! முன்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருந்தேன். பின்னால் அந்த வெட்டு, தோல் உரித்த மாதிரி, பார்க்க நன்றாக இல்லை.

தனியாக மெசேஜும் அனுப்பியிருக்கிறார்: "அருமைம்மா. மண்ணு எங்க எடுத்தீங்க? பின்பக்கமும் ஒரு படம் அனுப்புங்க."

எனக்கே எழுதியிருக்கிறார்! படம் — நாளைக்கு.

செப்டம்பர் 29

அனுப்பவில்லை.

அக்டோபர் 19

மூன்று நாளாக மழை. பின்பக்கம், சமையலறைக் கதவு சாத்த வரவில்லை. புது மரம், ஈரத்தில் ஊதியிருக்கும். கமெண்டில் கேட்டேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

சரிவின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. அம்மா கையில் துணியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடம் மலையில் ஏலக்காய் எடுத்தவள். மேலே ஒரு தோட்டத்தில் வேலைக்காரர்களின் வீட்டு வரிசை சரிந்ததே, அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் வந்ததாம்.

"நேத்து தெளிவா வந்துச்சு. இன்னைக்குச் செவப்பா வருது பிரியா."

அவ்வளவுதான். துணியை முன்பக்கம் கொண்டுபோய்த் துவைத்தாள்.

சுவரில் ஈரமே இல்லை. சுவர் அருமையாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சுவரைப் பற்றி மட்டும்தானே தெரியும்? சரிவின் மேலே நிற்கிற இலவமரம் எப்போதும் இப்படியா சாய்ந்திருந்தது? போனில் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன்.

நேராக இருந்தது.

நவம்பர் 2, சனி

அனுப்பிட்டேன். ஐம்பத்திமூணு நாள் கழிச்சு.

நாலே நிமிஷத்துல அண்ணன் போன் பண்ணுனார். கோபப்படலை, அதுதான் பயமா இருந்துச்சு. சரிவோட அடியை எடுத்துட்டீங்க, மேல இருக்கிற மண்ணைத் தாங்க இப்ப ஒண்ணுமில்லைன்னார். சமதளத்துலதான் எடுக்கணும்னு வீடியோவுல சொல்லாம விட்டது தன்னோட தப்புன்னார். "இன்னைக்கே வெளிய போயிருங்கம்மா."

அப்பாகிட்டச் சொன்னேன். "கட்டச் சொன்னதும் அந்தப் போனு, காலி பண்ணச் சொல்றதும் அந்தப் போனா ஆத்தா?" அப்புறம் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டுனார். நான் கேட்டுக்கிட்டே நின்னேன். எவ்வளவு நேரம் நிக்க முடியும்?

"அவரு அங்க மண்ணெடுக்கச் சொல்லலைப்பா. படம் கேட்டு ரெண்டு மாசமாச்சு. நாந்தான் அனுப்பலை."

அப்பா என்னைப் பாக்கவே இல்லை. ஜீப்புச் சாவியை எடுத்தார்.

நவம்பர் 3

ராசிங்காபுரம், சித்தி வீடு. தகரக் கூரை. மழைச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 9

வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு. உள்ளே யாரும் இல்லை.

சமையலறை இருந்த இடம் தெரியவில்லை. இலவமரம் படுக்கையறைக்குள் கிடக்கிறது. மாமா பார்த்துவிட்டு, மண்ணு வீடுன்னா இப்படித்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறார். கான்கிரீட்டாக இருந்தாலும் அந்தச் சரிவு விட்டிருக்காது. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் யார் வெட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

முன்சுவர் மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. நான் அனுப்பிய படத்தில் இருக்கிற மாதிரியே.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணன் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். எத்தனை பேர் அதற்குள் சேமித்துவைத்தார்களோ. தேவாரத்திலிருந்து திருப்பதி என்று ஒருவன், என் வயதுதான் இருக்கும், காலையில் மெசேஜ் அனுப்பினான்.

"உங்க வீட்டைப் பாத்துத்தான் ஆரம்பிச்சேங்க்கா. பின்னாடியே கரடு, அந்தக் குன்றை வெட்டி எடுத்துக்கிட்டேன். ஒரு லோடு மண்ணு வாங்கலை! நேத்துக் குடியேறிட்டோம்."

கூடவே படம். முன்பக்கம். அழகாக இருக்கிறது.

பின்பக்கப் படம் அனுப்பச் சொன்னேன். எங்கள் வீடு இருந்த படத்தையும் இப்போது கிடக்கிற படத்தையும் அனுப்பினேன். உடனே வெளியேறச் சொல்லி மூன்று முறை எழுதினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை.

மதியம் போனை அப்பாவிடம் நீட்டினேன். மூன்று வாரமாக என்னோடு பேசாதவர். அந்த வீட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய் ஜீப்பை எடுத்தார்.

"வெரசா ஏறு."

ஜீப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தேவாரம் பக்கம் மலையே தெரியவில்லை. மழை.