வலது பக்கத்து விளக்கு

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் லேப்பில் வாக்குவம் மெஷினைப் போட்டேன். பல்லுக்குக் கிளிப் போட்டுக் கழற்றியவர்களுக்கு உறை செய்ய வைத்திருக்கிறோமே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு சூடேறி நடுவில் தொய்ந்தது. தொய்யும்போது கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் கருகலுமாக ஒரு வாசனை வரும். அது வந்ததும் என்னையறியாமல் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். உன் நாற்காலியில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். "அக்கா, இது எந்தப் பேஷண்ட்டோடது?" என்று கேட்டாள். "பேஷண்ட் இல்லம்மா, கார்" என்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டபோது நீ எனக்குச் சொன்ன பதிலும் இதேதான்.

அன்றைக்கு நான் பழைய லேப்பை விட்டு இங்கே வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் முழுக்க ஏறிவரும் அந்த மாடி அறையில், நான் மெழுகில் பல் செதுக்குகிறவள், நீ பீங்கான் பூசுகிறவள். சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் ஏதோ ஒரு பொட்டு அளவுத் தகட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாய். கார் என்று நீ சொன்னதும் உனக்கு மண்டை சரியில்லை என்று முடிவு கட்டினேன். அப்புறம் பையிலிருந்து எடுத்துக் காட்டினாய். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பிளாஸ்டிக் கார். உதிரிப் பாகங்களாக வரும் கிட்டை வாங்கி, நீயே ஒட்டி, நீயே வண்ணம் அடித்தது. ஸ்கூட்டி ஓட்டக்கூடத் தெரியாதவள் நீ. ஜீவனஹள்ளியில் அண்ணன் வீட்டில் ஒரு அலமாரி நிறையக் கார் வைத்திருந்தாய்.

கிட்டோடு வரும் விளக்கு உனக்கு ஆகவே ஆகாது. கண்ணாடியின் பின்னால் ஒட்டுவதற்காக ஒரு குச்சி வைத்திருப்பார்கள், அது முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். "கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்குடி. எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் இத மாட்டினா குருடு" என்பாய். அதனால் குச்சியை வெட்டி எறிவாய். அது போன இடத்தைக் கிண்ணம் போலக் குடைவாய். சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை, பற்களுக்கு மெருகேற்றும் கருவியால் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணத்தில் படியவைப்பாய். கடுகளவு பல்பு ஒன்றை உள்ளே வைத்து, மேலே உன் கையால் செய்த கண்ணாடி. அதை வெள்ளைப் பசையில்தான் ஒட்டுவாய். அவசரப் பசை புகைவிட்டுக் கண்ணாடியை மூடிவிடும் என்று நீ சொல்லி, எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உன் கண்ணாடிகள் அப்போதெல்லாம் மழுமழுவென்றுதான் இருக்கும். நிஜ விளக்கில் இருக்கும் கோடுகள் உன்னுடையதில் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தவர் காக்ஸ் டவுனில் நடந்த மாடல் கார் கண்காட்சிக்கு வந்திருந்த அந்த மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர். போன வருஷம் நான்தான் உன்னைப் பிடித்துத் தள்ளி முதல்முறையாக அங்கே ஒரு காரை வைக்கச் சொன்னேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாடி ஒர்க்கு, பெயிண்ட்டு எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸும்மா. லைட்டு மட்டும் பொம்ம லைட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அன்று நீ ஜீவனஹள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, எதிரில் வரும் ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் முறைத்துக்கொண்டே வந்தாய். இறங்கும்போது சொன்னாய்: "அடுத்த வருஷம் அந்த ஆளு குனிஞ்சு பாக்கணும். பாத்துட்டு ஒரு வார்த்த பேசக் கூடாது."

அதற்காகத்தான் அந்த ஜப்பான் கிட்டைப் பிரித்தாய். முன்னால் இரண்டே இரண்டு வட்ட விளக்கு வைத்த பழைய மாடல் கார். ஒவ்வொரு விளக்கும் ஏழு மில்லிமீட்டர் அகலம்; ஒரு முன்பல்லைவிடச் சிறியது. அச்சு எடுக்கும் கல்மாவில் வட்டம் வார்த்து, அதில் பூதக்கண்ணாடி வழியாகக் கோடு கோடாகக் கீறி, அதன்மேல் தகட்டை இளக்கி இழுத்தாய். ஐந்து மாதம் மதியச் சாப்பாட்டு நேரம் அத்தனையும் அதற்கே போனது. ஓனர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஊட்டா டைம்ல என்ன வேணா பண்ணும்மா, மெஷின மட்டும் சுத்தமா வை" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனார். இடது விளக்கு முடிந்தது. அதை உரித்து எடுத்தபோது அச்சு இரண்டாக உடைந்துவிட்டது.

உடைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "எனக்கு இன்னொரு வாட்டி கீறப் பொறுமை இல்லடி. செதுக்கறதுல உன் கைதான் சுத்தம். வலது நீ பண்ணு" என்றாய். "பொம்மக் காருக்குப் போய் நானா? தீபாவளி முடியட்டும், பாக்கலாம்" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "பண்ணுவ. ஆனா பண்றப்ப பல்ல மறந்துடணும்" என்றாய். அது என்ன புத்திமதி என்று சிரித்தேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்துக் காய்ச்சல்தானே என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் நீ இல்லை.

பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன், முறுக்கு சுட்டேன், ஈஜிபுராவில் பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். எல்லாம் கை தானாகச் செய்தது. நான் தவணை சொன்ன தீபாவளி முடிந்துவிட்டது, விளக்குக் கேட்டவள் போய்விட்டாள். அந்த எரிச்சல் என்மேல் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து உன் அண்ணன் லேப்புக்கு வந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். "இத உங்ககிட்ட குடுக்கணும்னு தோணுச்சு. மூடிய தொறந்து பாருங்க" என்றார். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் நீ எழுதியிருந்தாய்: 'இடது – நான். வலது – அவ.' உள்ளே கார் முழுசாக இருந்தது. கரும்பச்சை வண்ணம், உள்ளே தோல் இருக்கை, கண்ணாடித் துடைப்பான்கூட மாட்டியாகிவிட்டது. இடது பக்கம் உன் விளக்கு. வலது பக்கம் வெறும் குழி. ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தில் உடைந்த அச்சின் இரண்டு துண்டுகள்.

முடிக்காத காரைக் கண்காட்சியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கண்காட்சிக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஆளைக் குனியவைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு இருந்த திமிரைச் சொல்கிறேன் கேள். இருபது வருஷமாகப் பல் செதுக்குகிறவளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஒரு விஷயமா என்று நினைத்தேன். முதல் அச்சு தூளாகப் போனது. இரண்டாவதில் குமிழி. மூன்றாவதில் கோடு தடித்தது, ஜன்னல் கம்பி மாதிரி இருந்தது. நான்காவது அற்புதமாக வந்தது. உன் கோடும் என் கோடும் மயிரிழை வித்தியாசமில்லை. அதைக் குழியில் பொருத்தி, காரை மேஜைமேல் வைத்து, எதிரே நின்று பார்த்தேன்.

காருக்கு ஒன்றரைக் கண் விழுந்திருந்தது.

என்ன தப்பு என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. அளவு சரி, ஆழம் சரி, கோடுகள் சரி. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் முறைத்தன. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மதியம் காரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, நீ அடிக்கடி போய் நிற்பாயே, மார்க்கெட் பின்னால் பழைய வண்டிச் சாமான் விற்கும் பாய் கடை, அங்கே போனேன். நிஜ விளக்கு ஒன்றைக் கண்ணால் பார்த்தால் புரியும் என்று நம்பிக்கை.

பாய் காரைப் பார்த்ததுமே, "இது அந்த ஸ்கேல் மேடத்தோடதுல்ல? வந்து ஸ்கேல் வச்சு அளந்துட்டே நிப்பாங்க. எங்க, ஆளையே காணோம்?" என்றார். சொன்னேன். கையில் வைத்திருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அப்புறம் காரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரைட்டு லைட்ட யாரு செஞ்சது?"

"நான்தான் பாய்."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா உல்ட்டா செஞ்சிட்டீங்க."

மேல்தட்டிலிருந்து ஒரு பழைய வட்ட விளக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். பரணில் கிடந்த தூசியெல்லாம் அதன்மேல் இருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். நடுவில் நேர்க்கோடுகள், ஒரு பக்கம் மட்டும் ஒரு துண்டு சாய்வாக வெட்டியிருந்தது. "இதுல லெஃப்ட்டு தனி, ரைட்டு தனின்னு கிடையாது மேடம். ரெண்டும் ஒரே பீஸு, எந்தப் பக்கம் வேணா மாட்டலாம். நம்ம ஊர்ல லெஃப்ட்ல தானே போறோம்? ரெண்டு லைட்டும் வெளிச்சத்த லெஃப்ட் பக்கம்தான் தள்ளணும். நீங்க திருப்பிச் செஞ்சா, எதிர்ல வர்றவன் கண்ணுல போய் அடிக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இடது முன்பல்லைப் பார்த்து வலது முன்பல்லைச் செய் என்றால், கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித்தான் செய்வோம். இருபது வருஷமாக அதுதான் நம் பிழைப்பு. சாய்வான துண்டை நான் யோசிக்கவே இல்லை, கை தானாகத் திருப்பிவிட்டது. பல்லை மறந்துவிடு என்று நீ சொன்னது இதைத்தான். நீயும் முதலில் இப்படிச் செய்து, இதே கடையில் நின்று அசடு வழிந்திருப்பாய். என்னிடம் மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டாய்.

பதினோரு நாள் இருந்தது. நான்காவது விளக்கைப் பிடுங்கினேன். நான் செதுக்கியதிலேயே நல்லது அதுதான், இருந்தாலும் பிடுங்கினேன். இந்த முறை உன் உடைந்த அச்சை ஒட்டவைத்து, அது இன்னொரு இழுப்பைத் தாங்காது என்பதால் பார்த்துக் கீற மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, கோட்டுக்குக் கோடு, சாய்வுக்குச் சாய்வு, அப்படியே கீறினேன். ஒவ்வொரு கோட்டிலும் கை திருப்பப் பார்த்தது. கையை அதட்டி உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஐந்தாவதும் உடைந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் ஆறாவது உரிந்து வந்தது. வெள்ளைப் பசையில் ஒட்டினேன். காய்ந்ததும் காரின் அடியில் இருந்த விளக்குச் சுவிட்சைத் தட்டினேன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தன.

கண்காட்சியில் கார் முன்னால் பெயர் எழுதிய அட்டை வைக்க வேண்டும். உன் பெயரை எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினேன். அந்தப் பெரியவர் பதினோரு மணி வாக்கில் வந்தார். அவர் முதலில் நின்றபடி பார்த்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், குனிந்தார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், மறுபடி இடதைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய், இரண்டு மேஜை தள்ளி நின்ற நண்பர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவரையும் குனியவைத்தார். அவரும் பேசவில்லை.

நீ கேட்டது ஒரு ஆள். நான் இரண்டு பேரைக் குனியவைத்தேன்.

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். என் விளக்கின் கீழ் ஓரத்தில் ஒரு குமிழி இருக்கிறது, ஊசிமுனை அளவு. யாருக்கும் தெரியாது. எது உன்னுடையது, எது என்னுடையது என்று எனக்கு அதைக் கொண்டுதான் தெரியும். அதனால் அதைச் சரிசெய்யப் போவதில்லை. கார் இப்போது எங்கள் வீட்டில் டிவி பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எதிரில் வரும் வண்டிகளின் முகத்தை நானும் உன்னைப் போலவே முறைத்துக்கொண்டு போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

உன் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத கிட் இன்னும் நான்கு இருந்ததாம். உன் அண்ணன் அவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதில் ஒன்றைத்தான் இப்போது பிரித்திருக்கிறேன். இதிலும் இரண்டு வட்ட விளக்கு. அச்சைக் கீறி முடித்து, இன்று முதல் தகட்டை இழுத்துவிட்டு, அது ஆறும் வரைக்கும் பென்சிலை எடுத்து மூடியின் உட்பக்கத்தில் எழுதப் போனேன். 'இடது' என்று எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். புதுப் பெண் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, மெஷின் ஆறிவிட்டது என்றாள். அப்புறம் எழுதி முடித்தேன்.

இடது – நான். வலது – நான்.