நாப்பது லீட்டர்

பொகவந்தலாவை
9 பெப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டிருச்சா? போன்லயே கேட்டிருக்கலாம்தான். போன்ல உங்க குரல் பிரேமினி குரல் மாதிரியே வருது. அதாலதான் எடுக்கறதில்ல. கோவிச்சுக்காதீங்க.

வேல நடக்குது. பேக்டரியில ரெண்டு மோட்டர் மாத்துனோம். சாப்புடுறேன், தூங்குறேன்.

மார்ச் இருபத்தெட்டுல பாப்பாவுக்கு மூணு வயசு. மூணு வயசு வரைக்கும் நான் வளக்குறேன், அப்பறம் அப்பன்கிட்ட விட்டுர்றேன்னு பிரேமினி கருமாதி அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க. லயத்துல நம்ம காம்பரா வீடு முழுக்கப் புது ஒயரிங் பண்ணிட்டேன். பிளக் எல்லாம் அவ கைக்கு எட்டாத ஒசரத்துல வச்சிருக்கேன். நர்சரி டீச்சர்கிட்டயும் பேர் குடுத்தாச்சு. எப்ப வந்து கூட்டிக்கலாம்னு ஒரு வரி எழுதுங்க.

திலக்ஷன்


ஹட்டன்
20 பெப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பாப்பா சொகமா இருக்கா. அப்பா கரண்டு வேல பாக்குறாருன்னு ஒரு நாள் சொன்னேன். அதுல இருந்து பல்ப எரிய விட்டா "அப்பா"ங்குறா. சிரிப்பு வருது, அழுகையும் வருது.

அனுப்ப மாட்டேன்னு சொல்லல தம்பி. அதுக்கு முன்ன இந்த மதினிக்கு ஒரு ஒதவி செய்யணும். எங்க சங்கம் ஒரு வேல எடுத்திருக்கு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல, டீசலும் இல்லாம கரண்டும் இல்லாம தோட்டத்துச் சனங்க பட்டத அவங்க வாயாலயே பதிஞ்சு, ஹட்டன்ல மண்டபம் எடுத்துக் காட்சிக்கு வைக்கப் போறோம். வெளிநாட்டு நிதியம் ஒண்ணு பாதிச் செலவ ஏத்துக்கும். மிச்சத்துக்கு நாங்க இங்கயே பணம் தர ஆள் புடிக்கணும்.

மாதிரிக்கு வேலாயி அக்கா கேஸ் வரிசையில நின்னதப் பதிஞ்சு அனுப்புனோம். இது எல்லா ஊர்லயும் நடந்ததுதான், சாவு நடந்த வீடு ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டாங்க. எங்க வீட்டுலயே இருக்குன்னு எழுதிட்டேன்.

முழுசாச் சொல்லுங்க. எதையும் மறைக்க வேணாம். தங்கச்சி பேராவது நெலைக்கட்டும். இது முடிஞ்சதும் பாப்பாவ நானே கொண்டாந்து விடுறேன்.

பாசமுள்ள
லோஜினி


பொகவந்தலாவை
10 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

பதிஞ்சு அனுப்பியிருக்கேன். நாலு நிமிசம் வரும். முழுசாச் சொல்லச் சொன்னீங்க. அதுல உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. என் குரல்ல கேக்குறதுக்கு முன்ன எழுத்துல படிச்சிருங்க.

பிரேமினி போன அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கே கரண்டு போயிருச்சு. பேக்டரி மேல் மாடியில வாடப் போட்ட தேயிலக் கொழுந்து நாலாயிரம் கிலோ. காத்தாடி நின்னா அம்புட்டும் கெட்டுப் போயிரும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. தோட்டத்து லொறியில இருக்குறத எடுத்து ஊத்துன்னு, பேக்டரியப் பாத்துக்குற டீமேக்கரய்யா சொன்னாரு. நான்தான் டியூப் போட்டு வாயால உறிஞ்சு எடுத்தேன். நாப்பது லீட்டர். நோயாளிக்குன்னு வச்சிருந்த லொறின்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு யாருக்கு வேணும்னு நெனச்சேன். பிரேமினிக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு மிட்வைப் சொல்லியிருந்தாங்க.

அன்னைக்கே மத்தியானம் மூணு மணிக்கு வலி வந்துச்சு. பாப்பா லயத்துலயே பொறந்துட்டா. ரத்தம் நிக்கல. டிரைவர் சாவியத் திருப்புனாரு. லொறி ரெண்டு தடவ இருமிட்டு நின்னுருச்சு. ஜெனரேட்டர்ல மிச்சம் இருக்கான்னு ஓடிப் பாத்தேன், எல்லாம் எரிஞ்சிருந்துச்சு. கம்பளியில படுக்க வச்சு நாலு பேர் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு எறங்குனோம். வழியில தண்ணி குடுக்கக் குனிஞ்சேன். "என்னங்க, உங்க வாயெல்லாம் டீசல் நாத்தம்"னா. அதுக்கப்பறம் அவ பேசல.

அன்னைக்கு அரைச்ச தூள் நல்ல வெலைக்குப் போச்சுன்னு டீமேக்கரய்யா அடுத்த வாரம் சொன்னாரு. அதையும் பதிவுல சொல்லியிருக்கேன்.

இருபத்தெட்டாந் தேதிக்கு ஒரு கவுன் வாங்கியிருக்கேன். அளவு சரியான்னு தெரியல.

திலக்ஷன்


ஹட்டன்
2 ஏப்ரல் 2025

திலக்ஷனுக்கு,

மூணு தடவ கேட்டேன். மூணு வருசமா டீசல் இல்லாமத்தான் என் தங்கச்சி செத்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். டீசல் இருந்திருக்கு.

இருபத்தெட்டாந் தேதி நீங்க வாசல்ல நின்னது தெரியும். நான்தான் கதவத் தெறக்கல. நீங்க வச்சிட்டுப் போன கவுன் சின்னது.

வேல விசயம். நிதியத்துக்கு உங்க பதிவு ரொம்பப் புடிச்சிருச்சு. இப்படி ஒருத்தர் தன் தப்பத் தானே சொல்றது அபூர்வம்னு எழுதியிருக்காங்க. மிச்சப் பாதியையும் மண்டபத்தையும் உங்க தோட்டக் கம்பெனியே தருது. அவங்க கேட்டது ஒண்ணுதான். டீமேக்கர் சொன்னாருங்கறதும், தூள் வெலைக்குப் போனதும் வரக்கூடாது. வெட்டிட்டோம். மத்ததெல்லாம் நீங்க சொன்னது சொன்னபடி இருக்கு.

சம்மதப் படிவம் இதோட இருக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

லோஜினி


பொகவந்தலாவை
11 ஏப்ரல் 2025

மதினிக்கு,

அதை வெட்டுனா நானா திருடி எடுத்த மாதிரி வருது. தப்பு என் மேல இல்லன்னு சொல்லல. சொன்னவரும் அதுல இருக்கட்டும். அது மட்டும் போதும். கையெழுத்துப் போடாமத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

பாப்பாவ எப்ப வந்து கூட்டிக்க?

திலக்ஷன்


ஹட்டன்
19 ஏப்ரல் 2025

திலக்ஷனுக்கு,

அவர் பேர் இருந்தா கம்பெனி வெலகிரும். கம்பெனி வெலகுனா நிதியமும் தராது. இருபத்தோரு குடும்பம் அழுதுகிட்டே சொன்னதெல்லாம் என் அலமாரியில தூசி புடிச்சுக் கெடக்கும். உங்க ஒரு வரிக்காகவா?

படிவத்த மறுபடி வச்சிருக்கேன். கையெழுத்து வந்தா, காட்சி தொறக்குற அன்னைக்கு மண்டபத்துல இருந்தே பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க. வரலன்னா இனிமே கடுதாசி வேணாம்.

லோஜினி


பொகவந்தலாவை
14 ஜூலை 2025

மதினிக்கு,

கையெழுத்துப் போட்டேன். சொன்ன நாள்ல வந்தேன். நேத்து மண்டபத்துல அவ்வளவு கூட்டத்துல பேச முடியல. அதால எழுதுறேன்.

மொத வெளக்க ஏத்துனது டீமேக்கரய்யா. என்னைப் பாத்ததும் தோள்ல தட்டி, "நல்லாப் பேசியிருக்கீங்க தம்பி, மனசு கலங்கிருச்சு"ன்னாரு. நானும் தலையாட்டுனேன்.

பிரேமினி படத்துக்குக் கீழ, என் பதிவு ஓடுற அந்தப் பெட்டிகிட்ட நீங்க பாப்பாவ நிறுத்தி வச்சிருந்தீங்க. நான் வரும்போதே அவ பச்சப் பொத்தானத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கிட்டு இருந்தா. எத்தன தடவ கேட்டாளோ. பக்கத்துல போயி, "பாப்பா, அப்பா வந்திருக்கேன்"னேன். அவ பெட்டியப் பாத்தா, என்னப் பாத்தா. பெட்டியில வந்த அதே குரல். உங்க சேலையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா: "பெரியம்மா, அம்மாவோட லொறியக் கெடுத்தது இவரா?"

நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க அவ தலைய நீவிக்கிட்டு நின்னீங்க. நான் சொல்லியிருக்கலாம்.

அவ கையப் புடிச்சேன். அலறுனா. படம் எடுக்க வந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. விட்டுட்டேன். நர்சரியில குடுத்த பேர இன்னைக்குக் காலைல போய் வெட்டிட்டு வந்துட்டேன். இனிமே பாப்பாவக் கேட்டு எழுத மாட்டேன்.

ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டியில சத்தம் கம்மியா இருந்துச்சு. ஸ்பீக்கர் ஒயர் ஒண்ணு லூசா இருந்திருக்கு. எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம் கழட்டி இறுக்கிட்டேன். இப்ப கடைசியில நிக்குறவங்களுக்கும் நல்லாக் கேக்கும்.

திலக்ஷன்