சிவப்புச் சுவரில் உப்பு

சாய்ந்தமருது
12.06.2009

அன்பு மகள் சுஹறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, முதுகுவலி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் சித்தி லைலாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்திலேயே நிற்பார்.

நீ ஆசைப்பட்ட சிவப்பை முன்னறையில் பூசியாகிவிட்டது. மேடம் வீட்டு மண்டபத்தில் நீ தினமும் தூசு துடைக்கிற சுவரின் நிறம் என்று சொன்னாயே, அதே கறுப்போடிய மாதுளைச் சிவப்பு. யுத்தம் முடிந்தது என்று கல்முனைக் கடைத்தெருவில் கொடி கட்டி வெடி கொளுத்திய கிழமைதான் பெயின்ட் வாங்கப் போனோம். யாரோ பாற்சோறு நீட்டினார்கள், வாங்கித் தின்றேன், ருசி நினைவில்லை. பூச வந்தவர் பாண்டிருப்புக் கனகரெத்தினம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, இது கடல் குடிச்ச சுவர், பழைய பூச்சக் கொத்தி எறியாட்டி உப்பு வெளிய வரும், கடும் நிறத்தில இன்னும் தெரியும்" என்றார். உனக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள், நாள் இல்லை என்று வாப்பா அவசரப்படுத்தினார்.

நாலாம் நாளே உப்புப் பூத்தது. சுனாமித் தண்ணீர் நின்ற மட்டத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே வெள்ளைக் கோடு. வெள்ளிக்கிழமை காலையில் ஈரத்துணியால் துடைத்தேன், ஈரம் காய மறுபடி வந்துவிட்டது. அவர்கள் மருதமுனை நெசவுக்காரர்கள்தானே, மாப்பிள்ளையின் மாமா பார்த்துவிட்டு, "சாறனுக்குக் கரை வெச்ச மாதிரியெல்லோ இரிக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். மாப்பிள்ளையின் உம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புத்தான். கடலுக்குப் பக்கத்தில எங்கட மகன இருத்த ஏலா, மெயின் ரோட்டுக்கு அங்கால வீடொண்டு கட்டித் தாங்க, காத்திருக்கிறம்" என்றார். மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆம்பிளை வந்து குடியேறுவதற்கு நீ யாருடைய வீட்டுத் தரையையோ தேய்த்து ஒரு வீட்டைத் திருத்த வேண்டும், அது காணாதென்றால் இன்னொன்று கட்ட வேண்டும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். நீ இன்னும் இரண்டு வருசம் அங்கே நிற்பாய் என்று வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். உன்னைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தக் கோட்டோடு ஒட்டி நின்று பார்த்தேன். எனக்குக் கழுத்து மட்டம். உன் தங்கச்சி ஆதிலாவைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய தலைக்கு மேலே ஒரு சாண். கையால் அளந்துதான் எழுதுகிறேன். ஒரு சாண்தான். அழுகையும் வரவில்லை. அலுமாரியை இழுத்துப் போட்டு மறைக்கச் சொல்கிறார் வாப்பா. நான் இழுக்கவில்லை. இன்று காலையில் துடைக்கவும் இல்லை.

மகள், புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதே. வாப்பா போனில் அழுதாலும் ஓம் என்று சொல்லிவிடாதே. இந்த வீடு உன் பேரில் இருக்கிறது, யார் வராவிட்டாலும் நீ வந்து இரு. சிவப்பு வடிவாகத்தான் இருக்கிறது, உப்போடும்.

உழைத்த கைகால்களோடு உன்னை முழுசாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்க அல்லாஹ் போதுமானவன், ஆமீன். பாஸ்போட் மேடத்தின் கையில் இருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கி வை.

இப்படிக்கு
உன் உம்மா
ஆயிஷா உம்மா