என் முதலுதவிச் சான்றிதழை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
மெத்தை, தலையணை தைக்கும் கடைக்காரர்,
(தங்கள் பதிவேட்டின்படி) மாணவர் மலைநடைக் குழுவின் முதலுதவிப் பொறுப்பாளர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு பயிற்சி அலுவலர் அவர்கள்,
மாணவர் மலைநடைப் பிரிவு,
மாவட்ட அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எனக்கு வழங்கப்பட்ட முதலுதவிச் சான்றிதழை ரத்து செய்யவும், திறந்தவெளியில் முறையான பயிற்சி நடக்கும்வரை வரும் சனிக்கிழமை மலைநடையைத் தள்ளிவைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சான்றிதழ் தரவில்லை என்று தங்களிடம் பலர் புகார் கொடுத்திருப்பார்கள். தந்துவிட்டீர்களே என்று புகார் கொடுப்பவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட வேண்டாம். பயந்து போய் எழுதுகிறேன்.

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிப்பு போன வழி வேறு, நான் போன வழி வேறு. என் மகள் பதினோராம் வகுப்பு. அவள் மலைநடைக் குழுவில் சேர்ந்தபோது, கூடப் போகும் பெற்றோரில் ஒருவர் முதலுதவி கற்றிருக்க வேண்டும் என்று விதி சொன்னார்கள். மற்ற அப்பாக்கள் எல்லாம் அலுவலகம், அவசர வேலை என்று நழுவிவிட்டார்கள். சொந்தக் கடைக்காரனுக்கு மட்டும் வேலையே கிடையாது என்பது ஊரறிந்த விஷயமல்லவா? என் தலையில் விழுந்தது.

2. பயிற்சி தங்கள் அலுவலக மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. கீழே கம்பளம், மேலே மின்விசிறி, நடுவில் ஒரு ரப்பர் பொம்மை. கட்டுப்போடுவதில் நானே முதல். நாளெல்லாம் ஊசியும் நூலுமாக இருக்கிற கை. "சார், உங்க கட்டு பிரிக்கவே மனசு வரல" என்று பயிற்சியாளர் பாராட்டினார். பொய் சொல்வானேன், அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரத்தம், எலும்பு முறிவு, மயக்கம் என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் ஒரே வரிதான் வரும்: ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவரை அசைக்காமல் வைத்திருக்கவும். அந்த வரியை நான் உருப்போட்டேன். எங்கள் தெருவில் அது சரியான வரி. தெருமுனையில்தான் ஆம்புலன்ஸ் நிற்கிறது. மலையில் அது எந்த முனையில் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

3. சென்ற மாதம் நடந்த நடையில், மதியத்துக்கு மேல் பனிமூட்டமும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. இறக்கத்தில் என் மகள் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்கால் பந்தாக வீங்கிவிட்டது. நான் கட்டுப் போட்டேன். இன்றும் சொல்கிறேன், அருமையான கட்டு. கைப்பேசியில் சிக்னல் இல்லை. குழுத் தலைவரான விளையாட்டு ஆசிரியர், சற்றுத் தள்ளி மழை விழாத பாறைப் பொந்து ஒன்றைக் காட்டி, "அண்ணே, நாலு பேரா தூக்கி அங்க கொண்டு போயிடலாமா?" என்று கேட்டார். நான் கழுத்தில் தொங்கிய முதலுதவிப் பொறுப்பாளர் அட்டையைத் தூக்கிக் காட்டி, "அசைக்கக் கூடாது சார், படிச்சிருக்கோம்ல" என்றேன். அவரும் அட்டைக்கு மரியாதை கொடுத்து அந்த யோசனையை விட்டுவிட்டார். பிறகு மற்றப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உதவி கேட்கக் கீழே இறங்கினார். அவளும் நானும் மட்டும் மழையில் இருந்தோம்.

4. ஐயா, இந்தப் பத்தியை எழுதுவதற்கு முன் எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வாடிக்கையாளர் வந்து பார்த்தால் நன்றாக இருக்காது. நான் மெத்தை தைத்துப் பிழைப்பவன். படுக்கிறவன் உடம்புச் சூட்டைக் கீழே இருக்கிற தரை உறிஞ்சிவிடும், அதனால்தான் பஞ்சை இவ்வளவு கனமாக அடைக்கிறேன் என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்லி வியாபாரம் செய்கிறேன். அப்படிப்பட்டவன், பெற்ற பெண்ணை ஈர உடுப்போடு வெறும் பாறையில் கிடத்தி, அவளுக்கு அடியில் போடத் தோன்றாமல் பக்கத்தில் இரண்டு தோள்பைகளைச் சும்மா வைத்துக்கொண்டு, அசைக்காமல் காவல் காத்தேன். முதலில் அவளுக்குப் பல் கிட்டியது. உடம்பு தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் நடுக்கம் நின்றுவிட்டது. "இப்ப குளிரலப்பா" என்றாள். வார்த்தை கொழகொழவென்று வந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். குணமாகிவிட்டது, அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்து நான் கும்பிட்டேன். தூக்கம் கலையக் கூடாதென்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டேன்.

5. மீட்புக் குழுவினர் இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு வந்த செவிலியர் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்ப நின்னுச்சு நடுக்கம்?" என்று கத்தினார். ரொம்ப நேரமாகிறது, இப்போது நன்றாக இருக்கிறாள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. ஈர உடுப்பைக் கத்தரித்து எடுத்தார்கள். அடியில் கனமாக விரித்தார்கள், மேலே போர்த்தினார்கள், தலையையும் மூடினார்கள். நானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவள் கைகாலைப் பரபரவென்று தேய்க்கப் போனேன். "தேய்க்காதீங்க! மெதுவா, மெதுவா!" என்று என் கையைத் தட்டிவிட்டார்கள். நடுங்குவது உடம்பு போராடுவதன் அடையாளமாம். அது நின்று, ஆள் குழறிக்கொண்டு தூங்க ஆரம்பித்தால், உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். இந்த ஒரு செய்தி தங்கள் கூடத்தில் யார் வாயிலிருந்தாவது வந்திருந்தால், பொந்துக்கு அவளை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

6. மகள் பிழைத்துவிட்டாள். கால் கட்டோடு வீட்டில் சட்டம் பேசுகிறாள். நான் அடிக்கடி போய் அவள் பாதம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். "அப்பா, கால விடுங்க, நான் உயிரோடதான் இருக்கேன்" என்கிறாள். என் மனைவி, "ஊருக்கெல்லாம் மெத்தை, பெத்த பொண்ணுக்குப் பாறை" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

7. இந்த நிலையில் தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. தண்டனை என்று நினைத்துத்தான் பிரித்தேன். உயிரிழப்பு ஏதுமின்றி நிலைமையைத் திறம்படச் சமாளித்ததற்காகப் பாராட்டு என்று இருந்தது. சனிக்கிழமை மலைநடைக்கு என்னையே முதலுதவிப் பொறுப்பாளராக மறுபடியும் நியமித்திருப்பதாகவும், இந்த முறை கூடுதலாகச் சிறுவர் பிரிவும் வருவதாகவும் எழுதியிருந்தது. திறமை என்று ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. செவிலியர் அம்மா இன்னும் சற்றுத் தாமதித்து வந்திருந்தால், இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பீர்கள்.

8. ஆகவே கேட்டுக்கொள்வதாவது: என் சான்றிதழை ரத்து செய்யுங்கள். அதே கூடத்தில் படித்த மற்றவர்களுடையதையும் நிறுத்திவையுங்கள். அவர்கள் என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். பயிற்சியை வெளியே நடத்துங்கள். மழையில், சேற்றில், சிக்னல் இல்லாத இடத்தில் நடத்துங்கள். உதவி வர அரை நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு நடத்துங்கள். எப்போது அசைக்கக் கூடாது, எப்போது அசைக்காவிட்டால் ஆள் போய்விடும் என்று இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். அந்தச் செவிலியர் அம்மாவைக் கூப்பிட்டால் வருவார் என்று நினைக்கிறேன். திட்டுவார், ஆனால் வருவார். முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். தேறாவிட்டால் தேறவில்லை என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

9. கடைசியாக ஒன்று. நேற்றுக் கடைக்கு ஓர் அம்மா வந்தார். சிறுவர் பிரிவிலேயே சின்னவன் அவர் மகன்; முதல்முறையாக மலைக்கு வருகிறான். "நீங்க கூடப் போறீங்கங்கிற தைரியத்துலதான் அண்ணே கையெழுத்துப் போட்டேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, கையசைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். இந்த மனுவைத் தங்கள் மேசையில் சேர்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அலுவலகம் சாத்தும்வரை இருப்பேன். இங்கிருந்து நேராக அந்த அம்மா வீட்டுக்குத்தான் போகப் போகிறேன். நடை தள்ளிப்போகிறது என்று சொல்வதா, அல்லது உங்கள் பையனை என்னை நம்பி அனுப்பாதீர்கள் என்று சொல்வதா என்பதைத் தாங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

தங்கள் பதிலுக்காக வெளியே காத்திருக்கும்,
(ஒப்பம்)
மெத்தைக் கடைக்காரர்

நாள்: திங்கட்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

இணைப்பு: சான்றிதழ் (அசல்), கழுத்து அட்டை, பாராட்டுக் கடிதம். திருப்பித் தர வேண்டாம்.