பட்டறைக்கு ஒரு ஜீன்ஸ்

கொடியில் கிடக்கிற ஜீன்சிலிருந்து இன்னும் நீலச் சாயம் சொட்டுகிறது. ஈரத்தில் அந்தத் துணிக்கு ஒரு வாடை வருமே, அது வீடு முழுக்க இருக்கிறது. நீங்கள் புதுசு வாங்கும்போதெல்லாம் அலசிப் போட்டது நான்தான். இந்த முறை அலசியது எனக்கு வாங்கியது. பட்டறைக்குப் போட்டுக்கொள்ள.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, நம் வெல்டிங் பட்டறையை நான் திறந்தேன். உங்களோடு சேர்ந்து வேலை பார்த்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. போன மாதம் தீப்பொறி பட்டு முந்தானை பொசுங்கிவிட்டது. உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "பட்டறைய வாடகைக்கு விட்ருவோம் மதினி. சேலையோட நெருப்புக்கிட்ட நிக்க வேணாம்" என்றார். அக்கறையில்தான் சொன்னார். அதையும் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், விற்கிற பெண் மெத்தென்று ஒன்றை எடுத்துப் போட்டாள். "போட்டதே தெரியாதுக்கா." இழுத்தால் ரப்பராக நீண்டது. "இழுத்தா நீளுறது, பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கிரும். முழுப் பருத்தியாப் பாரு" என்பீர்கள். ஆண்கள் பக்கம் போய்க் கனமான பருத்தியில் ஒன்றை எடுத்தேன்.

நீங்கள் ஒருமுறை புது ஜீன்சைப் போட்டுக்கொண்டு கடை நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நிக்கையில எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நம்ம வேலை பூராவும் உக்காந்துல்ல." நானும் போட்டுப் பார்க்கிற அறையைத் தாழிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முட்டி பிடிக்கவில்லை, இடுப்பை அறுக்கவில்லை. நீளம்தான் அதிகம். மடித்துவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, மடிப்புக்குள் பொறி விழுந்து உங்கள் கணுக்கால் வெந்தது ஞாபகம் வந்தது. டெய்லரிடம் கொடுத்து வெட்டித் தைத்துக்கொண்டேன்.

வாங்கியாயிற்றே தவிர, அதோடு தெருவில் நடக்கத் தைரியம் இல்லை. சேலையில் போய், பட்டறையில் ஷட்டரை இறக்கிவிட்டு மாற்றிக்கொள்கிறேன். புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, இவளுக்கு ஜீன்ஸ் கேட்கிறதா என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்கிறது.

அப்படி ஜீன்சோடு நின்றபோதுதான் ஒருநாள் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கேட் செய்யக் கேட்டு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, வெல்டர் இல்லீங்களா?"

"வெளிய போயிருக்காரு. வந்துருவாரு" என்றேன். எப்படி அது வாயில் வந்ததென்று தெரியவில்லை.

கேட் வேலை நடந்த நான்கு நாளும் பயந்துகொண்டே செய்தேன். இன்று எடுக்க வந்தவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்குதுங்க. அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லீருங்க."

தலையை ஆட்டினேன். அந்த வெல்டிங் நான் வைத்தது. அதைச் சொல்லி உங்களை இல்லாதவராக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் சொல்லச் சொன்னதை உங்களிடம் சொல்லிவிட்டேன்.