கமாலுதீன் சொல்லி முடித்தது

பினாங்கு, சூலியா தெரு
9-2-1936

அன்பு மகன் சுலைமானுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் நலம், அந்தக் குளிர் ஊரில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். வக்கீல் படிப்புக்கென்று கப்பலேறியவன் அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் பாஷையின் ஒலிகளையும் அமைப்பையும் படிக்கப் போனால் எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது. பள்ளிவாசலில் எல்லோரும், உங்க மகனுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே பாய், அதைப் படிக்க லண்டன் வரைக்குமா போவணும் என்று கேட்கிறார்கள். இதைப் படித்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்து திக்குகிறவர்களுக்கு வைத்தியம் பழகுவேன் என்று நீ எழுதியதையும் நான் நம்பவில்லை, மருந்தில்லாமல் என்ன வைத்தியம். வாயும் நாக்கும் தொண்டையும் தெரியப் பாதித் தலையை நீ வரைந்து அனுப்பினாயே, அதைப் பார்த்து உன் தங்கை ரொஸ்னா, சுலைமான் நானா படிக்கிறது பாஷையா கசாப்பா என்று சிரித்தாள். புறப்பட்டு வா என்று எழுதியதை மறந்துவிடு. நீ அதையே படி. ஏன் மனம் மாறினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன் தம்பி கமாலுதீனின் நிக்காஹ் போன வெள்ளிக்கிழமை பாகான் டாலாமில் பெண்ணின் வாப்பா சீனி முகம்மது வீட்டில் நடந்தது. பெண் ரோஹானா நல்ல பிள்ளை, அவன் திக்கிப் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. எனக்கிருந்த பயமெல்லாம் ஒன்றுதான். மாப்பிள்ளை, பெண்ணின் வாப்பா கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நிக்காஹை ஏற்றுக்கொண்டேன் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். நீ எழுதியிருந்தாய், அவன் சொல்லை யாரும் முடித்து வைக்காதீர்கள், முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்று. ரொஸ்னா அதை மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். நானும் தலையாட்டினேன். காதியார் முன்னால் அவன், இந்த நி, நி என்று நின்றான். சபையே அவன் வாயைப் பார்த்தது, அவன் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை மகனே. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், என் வாய் தானாகத் திறந்து, நிக்காஹை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டது. காதியார் தலையை நிமிர்த்தி, பாய், பொண்ணு யாருக்குலா, உங்களுக்கா மவனுக்கா என்று கேட்டார். சபை குலுங்கிச் சிரித்தது. கமாலும் சிரித்தான். என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார்கள், மரப்படியில் செருப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். உள்ளே மறுபடி தொடங்கினார்கள். காதியார், அவசரமில்ல தம்பி, திக்கினா அது நிறுத்தினதாவாது, நாங்க இருக்கோம் என்று சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, அங்கே கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கிவிட்டேன். பிறகு அவன் குரல், திக்கித் திக்கி, ஆனால் முழுதாக வந்தது. சாட்சிகள் இருவரும் செல்லும், செல்லும் என்றார்கள். நான் கைலி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவன் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை மூடியிருந்தேன், அது எனக்கு எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை பேசினான். உங்கள் உம்மா மவுத்தான நாளைப் பற்றிப் பேசினான். அன்று அவள் பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். கடைக்கு ஓடி வந்து, உம்மா, உம்மா என்று நின்றான். போயிட்டாளா என்று நானே கேட்டுவிட்டு அவனைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அதற்கு மேல் அவனிடம் சொல்ல ஒன்று இருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று காலையில் அவள் மருந்தைத் துப்பிவிட்டாள் என்று நான் சத்தம் போட்டுவிட்டுக் கடைக்கு வந்திருந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஒன்பது வருஷமாக எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த காரியம் என்றிருந்தேன். அவள் கண் மூடுமுன் கமாலிடம் சொல்லியிருக்கிறாள், காலையில வாப்பா ஏசினத நான் மனசுல வைக்கல, அவரு சாப்பிடாம போயிட்டாரு, கூப்பிட்டு சோறு குடு என்று. பிறகு எத்தனையோ தரம் சொல்ல வந்தானாம், ஒவ்வொரு தரமும் நான் வேறு எதையோ சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டேனாம். அவன் நாக்கு தடுத்தது கொஞ்ச நேரம். நான் தடுத்தது ஒன்பது வருஷம். கடையைப் பூட்டாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன் மகனே, அவன்தான் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

நன்றாகப் படி. தலைக்கும் காதுக்கும் கம்பளி கட்டிக்கொள், நேரத்தோடு சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன்னிடம் வருகிறவர்களுக்குத் தெளிந்த பேச்சையும் தரட்டும். ஒன்று மறக்காதே. இனிமேல் கமாலுக்கு எழுதுவதை என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே, அவன் பெயர் போட்டுத் தனியாக அனுப்பு. உள்ளே வைத்தால் நான் முதலில் படித்துவிடுவேன்.

உன் வாப்பா
ஷேக் அலாவுதீன்