முப்பத்தெட்டாவது மாணவி

இல்லை அம்மா, காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பிடுகிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

எங்கள் பெண்கள் பள்ளிக்கு நாற்பத்தைந்தாம் ஆண்டு. ஆண்டுவிழா மலருக்குப் பள்ளியின் வரலாறு எழுதும் வேலையை, லம்பாங் ஊருக்குப் புதிதாக ஆசிரியையாக வந்த என்னிடம் தள்ளிவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் பதின்மூன்று வயதுப் பெண்கள் முப்பத்தேழு பேரோடு தொடங்கிய பள்ளியில் இன்று இரண்டாயிரம் பேர் படிக்கிறார்கள். ஆனால் முதல் வகுப்பின் படத்தில் எண்ணினால் முப்பத்தெட்டு. எல்லோருக்கும் பள்ளி விதிப்படி காதோடு வெட்டிய முடி. ஒருத்திக்கு மட்டும் இடுப்புவரை பின்னல்.

அன்று பாடம் நடத்திய உபோன் டீச்சரிடம் கேட்டேன்.

"கண்ணாடி போட்டு எண்ணும்மா. அந்தப் பின்னல்காரி வேடிக்கை பார்க்க வந்தவ."

"சீருடை போட்டுக்கிட்டா டீச்சர்?"

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "தம்பி பிழைச்சா முடியைச் சாமிக்குத் தர்றதா வேண்டுதலாம். அதுவரைக்கும் வெட்டமாட்டேன்னு நின்னா. ஒரே வாரத்துல பேரை அடிச்சாச்சு. நீ ஏன் கிளறுறே?"

எனக்கு லம்பாங்கில் வேலை என்றதும் வேறு ஊர் கேட்கச் சொன்னீர்கள். மாமா சிறுவயதில் சாகக் கிடந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பள்ளிக்கே போனதில்லை என்ற நீங்கள் என் வீட்டுப்பாடத்தை எப்படித் திருத்தினீர்கள்?

இங்கே தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் இதே நினைப்பு. மிளகாய் விழுது அனுப்பும்போது, பதின்மூன்று வயதில் எடுத்த உங்கள் படம் இருந்தால் சேர்த்து வையுங்கள்.

மணி அடித்துவிட்டது. முதல் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் என்று எழுதி, இன்று காலை அச்சகத்தில் கொடுத்தேன்.

பிகுல்